வாசற்கதவுக்கு என்ன வர்ணம்?

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நமக்கு, இப்பெருநகரத்து வீடுகளில் நம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளக் கிடைப்பவை மிகச் சில. அறையின் நீள அகலத்தைக் கட்டியவர் தீர்மானித்துவிட்டார். வெளிச்சுவரின் நிறத்தைக் குடியிருப்போர் சங்கம் தீர்மானிக்கிறது. தண்ணீர் வரும் நேரத்தை மாநகராட்சி குறிக்கிறது. திண்ணை இல்லை, முற்றம் இல்லை. எஞ்சி நிற்பது வாசற்கதவு ஒன்றுதான். ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள அந்தப் பலகைக்கு என்ன வர்ணம் பூசுவது என்று வீட்டில் நாலு பேர் கூடி நாலு விதமாகப் பேசுவதில் வியப்பொன்றுமில்லை.

இதனைச் சில்லறை விஷயமென்று ஒதுக்கிவிடுதல் தகாது. கதவின் நிறம் கண்ணுக்கு உகந்ததாக இருத்தல் வேண்டும். வெயிலையும் மழையையும் தாங்குதல் வேண்டும். யாவற்றினும் முக்கியமாக, வாசற்படியில் தவழும் குழந்தைக்குத் தீங்கு விளைக்காததாக இருத்தல் வேண்டும். முதல் இரண்டையும் நாம் நன்றாகவே கவனிக்கிறோம். மூன்றாவதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. ஆதலின் மூன்றையும் முறையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஊர்க் கதவுகள்

செட்டிநாட்டு மாளிகைகளைக் கண்டவர்கள் அவற்றின் தலைவாசலை மறக்கமாட்டார்கள். பர்மாத் தேக்கில் இழைத்து, நிலையின் மேற்புறத்தில் கஜலட்சுமியைச் செதுக்கி வைத்த அக்கதவுகளுக்கு வர்ணம் பூசும் வழக்கமில்லை. எண்ணெய் தடவித் துடைத்து, மரத்தின் இயற்கை ரேகையையே அழகாகக் கொண்டனர். அத்தகைய மரத்துக்கு வசதியில்லாத இல்லங்களில்தான் வர்ணத்துக்கு வேலை வந்தது. பொங்கல் நெருங்கும்போது சுவருக்குச் சுண்ணாம்பு, திண்ணை ஓரத்துக்குக் காவி, கதவுக்கு அவரவர் கைப்பொருளுக்கும் மனத்துக்கும் ஏற்ப நீலமோ பச்சையோ என்பது நம் கிராமங்களில் பழகிப்போன ஏற்பாடு.

இவற்றுள் காவியைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பின் ஆக்ஸைடே காவிக்குச் செந்நிறம் தருவது. மனிதன் கையாண்ட மிகப் பழைய நிறங்களுள் அதுவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்காப் பாறைக் குகைகளில் இன்றும் காணும் செவ்வோவியங்கள் அத்தகைய கல்லிலிருந்து எடுத்த நிறத்தால் வரையப்பட்டவையே. இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்டமையால் வெயில் அதனை மேலும் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே நிறம் வெளுப்பதில்லை. ரயில்வேச் சரக்கு வண்டிகளில் செம்பழுப்பு நிறம் நெடுங்காலம் நிலைத்து நிற்பதற்கும் இதுவே காரணம். பாட்டிமார் திண்ணைக்குக் காவி பூசியது அழகுக்காக மட்டும் அன்று என்பதை இதனால் அறியலாம்.

சால் வீடும் அடுக்கு வீடும்

நம் நாட்டின் முதற் பயணி ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து புறப்பட்டு 34 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற ஊர் தாணே. அதே பாதையை ஒட்டியே நம்மவரும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய இடங்களிலிருந்து முலுண்டுக்கும் தாணேக்கும் சிறிது சிறிதாகக் குடிபெயர்ந்தனர். இன்று தாணேயில் பழைய சால் வீடுகளிலும் இருக்கிறோம். கோட்பந்தர் சாலையில் எழுந்துள்ள இருபது முப்பது மாடிக் கட்டடங்களிலும் இருக்கிறோம். இவ்விரு வகை வீடுகளிலும் வாசற்கதவின் நிலை ஒன்றல்ல.

சால் வீட்டில் விடியற்காலையில் திறந்த கதவு இரவு படுக்கும்வரை திறந்தே கிடக்கும். அது சுவரோடு சாய்ந்திருக்கையில் உள்ளே நுழைவோர் காண்பது கதவின் உட்புறத்தையே. ஆகவே சால் வீட்டில் குடியிருப்போர் வெளிப்பக்கத்துக்கு நல்ல வர்ணமும் உட்பக்கத்துக்கு மிச்சம் மீதியும் என்று எண்ணலாகாது. மேலும், பொதுத் தாழ்வாரத்தின் வழியே மழைச்சாரல் நேராகக் கதவின் அடிப்பாகத்தில் விழும். அங்கேதான் வர்ணம் முதலில் உரியும். மரமும் முதலில் உளுக்கும். கதவின் கீழ் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் வர்ணக்காரர் பெரும்பாலும் அதனை விட்டுவிடுவார். கீல்களைக் கழற்றிக் கதவைப் படுக்க வைத்து அவ்விளிம்புக்கும் பூசச் சொல்லுதல் நன்று.

அடுக்கு வீட்டில் கதவு எப்போதும் மூடியே இருக்கும். அதற்கு முன்னால் கம்பியிட்ட பாதுகாப்புக் கதவு ஒன்று வேறு நிற்கும். நடைபாதையில் சூரிய ஒளி புகுவது அரிது; இரவும் பகலும் மின்விளக்கின் ஒளிதான். அவ்வொளியில் கரும்பழுப்பு நிறக் கதவு சுவரோடு சுவராய் மங்கிப்போகும். இங்கே முதியோரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து சில மாதங்கள் தங்குவதற்கு வந்த தாய்க்கு, ஒவ்வொரு மாடியும் ஒன்றுபோலவே தோன்றும். பெயர்ப்பலகையில் உள்ள மராத்தி எழுத்தையோ ஆங்கில எழுத்தையோ அவர் படிக்கமாட்டார். கண்ணில் புரையும் இருந்தால் எண்ணும் தெரியாது. கீழே கோயிலுக்குச் சென்று திரும்புகையில் அவருக்குத் துணை நிற்பது கதவின் நிறமே. சுவர் வெளிறியதாக இருப்பின் கதவு அழுத்தமான நிறத்தில் இருத்தல் வேண்டும். சுவர் அழுத்தமாயின் கதவு வெளிறியதாக இருக்கலாம். அந்த வேறுபாடே கண் மங்கியவருக்கு வழிகாட்டி. பெயர்ப்பலகையில் தமிழிலும் ஒரு வரி எழுதி வைத்தல் இன்னும் நலம்.

தேக்குக் கதவாயின் பாலிஷ் இட்டால் போதும். வர்ணத்தால் மூடுதல் மரத்துக்குச் செய்யும் அநியாயம். சன்மைக்கா ஒட்டிய கதவுக்கும் வர்ணம் வேண்டியதில்லை. அதன் வழவழப்பில் சாதாரண எனாமல் பிடித்து நில்லாது.

நிறத்தைத் தேர்தல்

கடையில் தரும் வர்ண அட்டையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்தல் கூடாது. நகத்தளவுச் சதுரத்தில் இதமாகத் தோன்றும் மஞ்சள், கதவளவுக்கு விரிந்தவுடன் கண்ணைக் கூசச் செய்யும். மிகச் சிறிய டப்பா ஒன்று வாங்கி, ஓரடிச் சதுரமுள்ள பலகைத் துண்டில் இரு முறை பூசி, அதனைக் கதவின் மேல் சாய்த்து வைத்துக் காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்தல் வேண்டும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தபின் பிடித்திருந்தால் அதுவே சரியான நிறம்.

மேற்குப் பார்த்த வாசலுக்கு மிக அடர்ந்த நிறம் ஏற்றதன்று. அது வெப்பத்தை அதிகமாக ஈர்ப்பதால் மரம் விரிந்து சுருங்கி, வர்ணம் கொப்புளிக்கும். பளபளக்கும் சில சிவப்புகள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவிச் சிவப்பு வெளுக்காது. வெளிர் நிறங்களில் தாழ்ப்பாளைச் சுற்றிக் கைக்கறை எளிதில் படியும். வெள்ளி தோறும் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடும் இல்லங்களுக்குப் பளபளப்பான எனாமலே வசதி, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அடர்ந்த பச்சை, கருநீலம், காவிச் சிவப்பு ஆகிய மூன்றும் மஞ்சளையும் குங்குமத்தையும் மாவிலைத் தோரணத்தையும் எடுத்துக் காட்டுபவை. மசூதிக்குச் செல்லும் இல்லமாயினும், மாதாவின் படத்தை நிலையில் மாட்டும் இல்லமாயினும், வாசலைத் தூய்மையாகவும் மங்கலமாகவும் வைத்தல் நம் எல்லோருக்கும் பொது. அண்டை வீட்டு மராத்தியச் சகோதரி உம்பரட்டா என்று சொல்லி ரங்கோலி இடும் இடமும், நாம் வாசற்படி என்று சொல்லிக் கோலமிடும் இடமும் ஒன்றேயன்றோ!

வர்ணத் தொழிலில் நம் பம்பாய்க்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. பின்னாளில் நெரோலாக் எனப் பெயர் பெற்ற கம்பெனி 1920-ல் லோயர் பரேலில் தொடங்கியது. 1942-ல் கிர்காமில் ஒரு மோட்டார்க் கொட்டகையில் நான்கு நண்பர்கள் தொடங்கியது ஏஷியன் பெயின்ட்ஸ். நெற்றியில் மயிர் விழ, கையில் டப்பாவும் தூரிகையும் ஏந்திய ‘கட்டு’ என்னும் குறும்புச் சிறுவனை 1954-ல் அந்தக் கம்பெனிக்காக வரைந்தவர், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து பம்பாயில் புகழ்பெற்ற ஓவியர் ஆர். கே. லட்சுமண். பல ஆண்டுகள் அச்சிறுவனின் படத்தைக் காணாத வர்ணக்கடை இல்லை எனலாம்.

நிறத்துக்குள் இருக்கும் ஈயம்

இனி மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். உலகெங்கும் நெடுங்காலம் எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலக்கப்பட்டு வந்தது. வெண்மைக்கு ஈய வெள்ளை. பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயக் குரோமேட். அந்த மஞ்சளோடு நீலத்தைக் கலந்து பச்சையும், அதன் இன வகைகளால் ஆரஞ்சும் சிவப்பும் உண்டாக்கினர். வர்ணம் விரைவில் உலர்வதற்கும் ஈயக் கலவைகளைச் சேர்த்தனர். நிறம் நன்றாக மூடும், நீடித்து உழைக்கும், ஆனால் அது நஞ்சு.

இதன் கொடுமையை முதலில் அனுபவித்தவர் வர்ணம் பூசும் தொழிலாளரே. ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் அமைப்பு 1921-லேயே ஈய வெள்ளையைப் பற்றி ஓர் உடன்படிக்கை இயற்றியது. கட்டடங்களின் உட்புறத்தில் அதனைப் பூசுதல் விலக்கப்பட வேண்டும் என்றும், அத்தொழிலில் பெண்களையும் பதினெட்டு வயது நிரம்பாத ஆண்களையும் ஈடுபடுத்தலாகாது என்றும் அது கூறிற்று. ரயில் நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மட்டும் அவசியமாயின் விலக்கு அளிக்கலாம் என்று இடம் வைத்தது. அமெரிக்க நாடு வீட்டு வர்ணத்தில் ஈயத்தை 1978-ல் தடை செய்தது. நம் நாட்டில் 2016 நவம்பரில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. 2017 நவம்பர் 1 முதல் வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் சட்ட விரோதமாயிற்று.

ஆகவே 2017-க்கு முன் பூசிய கதவு எதுவாயினும், அதன் வர்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். வெள்ளையைக் காட்டிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகியவற்றில் அது மிகுதியாக இருந்தது. இவை நாம் மங்கலமென்று விரும்பித் தேரும் நிறங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாசற்படியை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் மஞ்சள் அரைத்துப் பூச நகரத்தில் நேரம் ஏது? மஞ்சள் எனாமலை நிரந்தரமாகப் பூசி, சிவப்பு எனாமலால் பொட்டிட்டு, வெள்ளை எனாமலால் கோலமும் வரைந்து வைத்துவிட்டோம். மஞ்சட் கிழங்கின் இடத்தில் குரோம் மஞ்சள் அமர்ந்தது. அதன் மேல் கால்கள் தேய்கின்றன. கதவு திறந்து மூடும்போதெல்லாம் நிலையோடு உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூள் அதே படியில் உதிர்கிறது. வீட்டில் இடமின்மையால் நம் குழந்தைகள் உட்கார்ந்து விளையாடுவதும் அப்படியில்தான். கையை வாயில் வைப்பதும் அங்கேதான். ஈய வர்ணச் செதில் இனிப்பாக இருக்குமாதலால் குழந்தை அதனைத் துப்பவும் மாட்டாது.

பெரியவர் உடலைக் காட்டிலும் குழந்தையின் உடல், விழுங்கிய ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக ஏற்றுக்கொள்ளும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. ஈயம் மூளையைத் தாக்கும். கவனமும் கற்கும் ஆற்றலும் குறையும். காய்ச்சல் போலவோ சொறி போலவோ வெளியே அடையாளம் காட்டாது. “பையன் பாடத்தில் மந்தமாக இருக்கிறான்” என்று நாம் ஆசிரியரையும் பையனையும் நொந்துகொண்டிருப்போம். உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யுனிசெப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் மதிப்பிட்டன. பழைய மின்கலங்களை உருக்குதல், கலப்பட மசாலைப் பொருள், சில பாத்திரங்கள் எனக் காரணங்கள் பல உண்டு. வர்ணமும் அவற்றுள் ஒன்று. பிள்ளைகளின் கல்விக்காகவே ஊரையும் உறவையும் விட்டு வந்த நாம், அக்கல்வியைக் கெடுக்கும் தூளை வாசலிலேயே வைத்திருக்கலாமா?

பழைய கதவில் கை வைக்குமுன்

இதைக் கேட்டவுடன் அச்சமுற்று, உப்புத்தாளை எடுத்துப் பழைய வர்ணம் முழுவதையும் சுரண்டத் தொடங்கிவிடுதல் பெருந்தவறு. உலர்ந்த கதவைத் தேய்த்தால் வருஷங்களாக அடங்கிக் கிடந்த ஈயம் ஒரே நாளில் வீடெங்கும் பரவும். செய்யத்தக்கவை பின்வருவன.

பழைய வர்ணம் உரியாமல் உறுதியாக இருப்பின் அதனைச் சுரண்ட வேண்டாம். சோப்பு நீரால் கழுவி, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் இலேசாகத் தடவி, அதன்மேல் புது வர்ணம் பூசி மூடிவிடலாம். உரிந்திருந்தால், அவ்விடங்களை மட்டும் நீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். தீச்சுடரால் பொசுக்கி வர்ணத்தை எடுத்தல் கூடவே கூடாது. ஈயம் புகையாகி மூச்சில் ஏறும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு பரப்பி, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்டிவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இருமுறை துடைத்தல் வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அண்டை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருத்தல் நலம். தாழ்வாரம் பொதுவாகையால் பக்கத்து வீட்டாருக்கும் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.

வர்ணம் பூச வருபவரும் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்தவர்தான். அவர் சட்டையில் படியும் தூள் அவர் குழந்தைக்குப் போய்ச் சேரும். முகத்துக்கு ஒரு நல்ல கவசம் வாங்கித் தருவதும், வேலை முடிந்தபின் கைகால் கழுவச் சோப்பும் தண்ணீரும் தருவதும் நமக்குப் பெரிய செலவல்ல. ஈரத்தில் தேய்த்தால் வேலைக்கு அரை நாள் அதிகம் பிடிக்கும் என்று அவர் தயங்கினால், அந்த அரை நாள் கூலியையும் கொடுத்துவிடுவதே நியாயம்.

புது டப்பா வாங்கும்போது அதன் மேல் ஈயத்தைப் பற்றிய வாசகத்தில் 90 என்ற எண்ணும் பி.பி.எம். என்ற எழுத்துக்களும் உள்ளனவா, செய்த மாதமும் வருஷமும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். பெயரில்லாத மலிவு டப்பாவையும், பரணில் பல வருஷமாகக் கிடக்கும் மிச்ச வர்ணத்தையும் தொட வேண்டாம். சாக்கடையிலும் கொட்ட வேண்டாம். தனியே கட்டி, அபாயகரமான குப்பை என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். நீரில் கரையும் எனாமல் வகைகளும் இப்போது கிடைக்கின்றன. நெடி குறைவு, உலர்வதும் விரைவு. உரிந்த வாசலில் வெகுநாள் விளையாடிய குழந்தையைப் பற்றிக் கவலையுள்ளோர், இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிப்பது குறித்து மருத்துவரைக் கேட்கலாம்.

காலமும் செலவும்

தாணேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். அப்போது பூசிய வர்ணம் பின்னர் உரியும். மழை நின்று மரம் உலர்ந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரையே தக்க காலம். தீபாவளிக்கு அவசரப்பட்டுச் செய்வதைவிடப் பொங்கலுக்குச் செய்வது இவ்வூருக்கு மிகப் பொருந்தும். நம் முன்னோர் வகுத்த வழக்கம் கொங்கண மண்ணுக்கும் ஒத்துப்போவது மகிழ்ச்சிக்குரியது.

ஒரு கதவின் இருபுறமும் சேர்ந்து 42 சதுர அடி. நிலையையும் சேர்த்து இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் எனாமல் தாராளம். அதற்குமுன் ஒரு பூச்சுப் பிரைமர் வேண்டும். பள்ளங்களுக்குப் பட்டி வைத்துச் சமன் செய்ய வேண்டும். ஒரு பூச்சு நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு.

சொந்த வீடாயின், சங்கத்தில் கதவின் நிறத்தைப் பற்றித் தீர்மானம் ஏதேனும் உண்டா என்று செயலாளரைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்போர் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். உத்தியோகக் குடியிருப்புகளில் நிறத்தை நிர்வாகமே முடிவு செய்யும். ஆயினும் வர்ணம் உரிந்திருப்பின் எழுதித் தெரிவிக்கவும், ஈரத்தில் தேய்க்கச் சொல்லவும் நமக்கு உரிமையுண்டு.

பச்சையோ, நீலமோ, காவியோ, எந்த நிறமாயினும் குடும்பத்தார் கூடிப் பேசித் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன்னால் வீட்டில் ஒருவர் குனிந்து, கதவின் அடி விளிம்பையும் வாசற்படியையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடட்டும். வரும் பொங்கலுக்கு நம் ஒவ்வொருவர் வாசலும் புது நிறம் பெறுக. அதில் விளையாடும் குழந்தைகள் நலமாக வளர்க!